பெரட்டுக்களமும் பாடசாலையும்: மலையகத்தில் வறுமை, கல்வி, தொழில்

இலங்கையின் நுவரெலியா மாவட்டத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு குடும்பத்தின் வரவு நாட்கூலியாகவே வருகிறது. விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் கூடி, எந்த மலைக்குப் போவது என்று கேட்டுக்கொண்டு கொழுந்து பறிக்கப் போகும் பெண், தோட்டம் விதித்த நிறையைக் கொடுத்தாக வேண்டும். பல தோட்டங்களில் அது 18 முதல் 20 கிலோ. கொடுத்தால் முழுப் பேர், அதாவது முழு நாட்கூலி, விழும்; குறைந்தால் அரைப் பேர். வறட்சியில் கொழுந்து அருகும்போதும், உரமும் களையெடுப்பும் கைவிடப்பட்ட மலைகளிலும் அந்த நிறையை எட்டுவது கடினம். பறிப்பவரின் கை வேகம் குறைந்ததற்கும் செடி வளர்க்கப்படாததற்கும் ஒரே தண்டனைதான்.

நீண்ட போராட்டத்துக்குப் பின் 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனது. 2024 செப்டம்பரில் 1350 ரூபாய் ஆனது. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் அதை 1550 ஆக்கவும், வேலைக்கு வரும் நாளுக்கு அரசு 200 ரூபாய் ஊக்கத்தொகை தரவும் முன்மொழிந்தது. 1350 ரூபாய் விகிதத்தில் மாதம் 20 பேர் விழுந்த ஒருவருக்கு 27,000 ரூபாய் சேரும். ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதமாக 2,160 ரூபாய் பிடிக்கப்படும். தொழிற்சங்கச் சந்தா, தீபாவளி முற்பணத்தின் தவணை, கோயில் வரி என்று இன்னும் சில கழிவுகள் உண்டு. மிஞ்சுவதில்தான் கோதுமை மாவும் அரிசியும், மருந்தும், பிள்ளையின் சப்பாத்தும், பஸ் காசும் அடங்க வேண்டும்.

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019ஆம் ஆண்டுக் கணக்கின்படி நாட்டில் வறுமையில் இருந்தோர் 14.3 வீதம். நகரத்தில் 6 வீதம், கிராமத்தில் 15 வீதம், தோட்டத்தில் 33.8 வீதம். இலங்கைத் தேயிலையின் பெயர் உலகச் சந்தையில் உயர்ந்து நிற்க, அதைப் பறிப்பவர்களில் மூன்றில் ஒருவர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். அதுவும் 2022இன் பொருளாதார நெருக்கடிக்கு முந்திய கணக்கு.

இந்த வறுமையிலிருந்து வெளியேறக் கல்வியே வழி என்று மலையகம் எனப்படும் இந்த மலைத்தோட்டப் பகுதியில் எல்லோரும் சொல்கிறார்கள். பெற்றோரும் அதை நம்பித்தான் மூக்குத்தியை அடகு வைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கிறார்கள். ஆனால் மலையகத்துப் பாடசாலை அந்த வழியைத் திறக்கவென்று கட்டப்பட்டதல்ல. அதன் வரலாற்றைப் பார்க்காமல் இன்றைய நிலையை விளங்கிக்கொள்ள முடியாது.

1820களில் கம்பளைப் பகுதியில் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கியபோதும், 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையை வணிகப் பயிராக நட்ட பின்னும், தமிழ்நாட்டிலிருந்து ஆள்திரட்டிய கங்காணிகள் வழியாகக் குடும்பம் குடும்பமாக ஆட்கள் கொண்டுவரப்பட்டனர். தோட்டத்துக்குத் தேவைப்பட்டவை கைகள். சிறுவரின் கையும் அந்தக் கணக்கில் இருந்தது. 1927இல் இயற்றப்பட்ட குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் கீழ், உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என்று நாட்கூலி வகுக்கப்பட்டது. தொழிலாளருக்குப் பாதுகாப்பு என்று கொண்டாடப்பட்ட சட்டம் அது. அதிலேயே பிள்ளையின் உழைப்புக்கும் ஒரு விலை இருந்தது.

கல்விக்கான முதல் முயற்சிகளைச் செய்தவர்கள் கிறிஸ்தவ மிஷனரிகள். 1854இல் தொடங்கிய 'தமிழ்க் கூலி மிஷன்' தோட்டங்களில் சிறு பள்ளிகளை நடத்தியது. அரசு அக்கறை காட்டியது 20ஆம் நூற்றாண்டில்தான். 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டமும் 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும், தொழிலாளரின் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் ஆரம்பக் கல்வி தருவதைத் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கின. வயதெல்லை 6 முதல் 10 வரை. பத்து வயதுக்கு மேல் பிள்ளை மலைக்குப் போகலாம் என்பதே அதன் பொருள். பாடசாலை என்ற பெயரில் இருந்தது பெரும்பாலும் ஒரே மண்டபம். தொழிலாளரின் வரிசை வீடான லயத்தின் ஒரு கோடியில் உள்ள காம்பராவாகவும் (அறையாகவும்) இருந்ததுண்டு. ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆசிரியர். அவருக்குச் சம்பளம் தருபவர் தோட்டத்துரை. வெறும் எழுத்தறிவுக்கு மேல் அங்கு எதையும் எதிர்பார்க்க முடியவில்லை. தோட்டத்துக்கும் அதற்கு மேல் தேவை இருக்கவில்லை.

இதைத் தாண்டிப் படித்தவர்கள் பெரும்பாலும் பெரிய கங்காணிமாரின், கணக்கப்பிள்ளைமாரின் பிள்ளைகள். பூண்டுலோயாவை அடுத்த மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்து, கவிஞராகவும் ஆசிரியராகவும் தொழிற்சங்கவாதியாகவும் வளர்ந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை கங்காணிக் குடும்பத்தில் வந்தவர். கொழும்புவரை போய்ப் படிக்க அவருக்கு முடிந்தது. அதே தோட்டத்து லயத்தில் பிறந்த அவர் வயதுப் பிள்ளைகளுக்கு அது முடியவில்லை. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் மிஷன் பாடசாலைகள் இருந்தன என்பது உண்மை. பட்டணத்தில் தங்கிப் படிக்கப் பணமும், தோட்டத்தைவிட்டு அனுப்பத் துணிவும் இருந்தவர்களுக்கே அவை பயன்பட்டன. விதிவிலக்குகள் உண்டு. 1930களில் புசல்லாவையில் கே. இராஜலிங்கம் தொடங்கிய சரஸ்வதி பாடசாலை, தோட்டத்து மக்களே தங்கள் பிள்ளைகளுக்காக எடுத்த முயற்சிகளில் முன்னோடி. பிற்காலத்தில் மலையகத்துக்கு ஆசிரியர்களையும் எழுத்தாளர்களையும் தந்த பாடசாலைகளில் அதற்கு முக்கிய இடம் உண்டு.

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலங்கையில் இலவசக் கல்வி வந்தது. கிராமங்களில் மத்திய மகா வித்தியாலயங்கள் எழுந்தன. விவசாயியின் மகன் மருத்துவராவதும் எழுதுவினைஞராவதும் சாத்தியமானது. நவீன இலங்கையின் மிகப் பெரிய சமூக மாற்றம் இதுதான் என்று சொல்லலாம். ஆனால் இந்த மாற்றம் தோட்ட எல்லையில் நின்றுவிட்டது. 1947ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்க இடம் தந்தும், நடைமுறையில் அவற்றில் பெரும்பாலானவை 1970களின் பிற்பகுதிவரை தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே இருந்தன. 1960-61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு கையேற்றபோதும் இவை வெளியே விடப்பட்டன. ஒரு தலைமுறைக்கும் மேற்பட்ட இந்த இடைவெளியை, ஒரே நாட்டில் வாழ்ந்த பிற சமூகம் எதுவும் இவ்வளவு முழுமையாக அனுபவிக்கவில்லை.

இடைவெளிக்குப் பின்னால் இருந்தது குடியுரிமைப் பறிப்பு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேரை அனுப்பிய சமூகம், அடுத்த தேர்தலில் வாக்காளர் இடாப்பிலேயே இல்லாமல் போனது. வாக்கு இல்லாதவரின் பிள்ளைக்குப் பாடசாலை கட்ட எந்த அரசியல்வாதிக்கும் அவசரம் இருக்கவில்லை. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. இந்தியக் கடவுச்சீட்டு எப்போது வரும், கப்பலுக்கு எப்போது போவது என்று காத்திருந்த வீடுகளில் பிள்ளையின் படிப்பைத் திட்டமிட யாராலும் முடியவில்லை. எந்த நாட்டின் பரீட்சைக்குப் படிப்பது என்பதே தெரியாத நிலை. அரச உத்தியோகத்துக்குக் குடியுரிமை நிபந்தனை என்பதால், படித்து முடித்தவருக்கும் கதவு மூடியிருந்தது. 1988ஆம் ஆண்டின் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் வந்த பின்புதான் நாடற்றோர் பிரச்சினை சட்டப்படி தீர்ந்தது. 55 ஆண்டுகள். படிப்பும் வேலையும் ஒன்றையொன்று தாங்கி வளரும் பழக்கம் ஒரு சமூகத்தில் ஊன்றுவதற்குத் தேவையான காலம் இப்படிக் கழிந்தது.

1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையான பின், 1970களின் இறுதியில் தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசின் கீழ் வந்தன. மாற்றம் உண்மையில் தொடங்கியது அப்போதுதான். 1980களில் சுவீடனின் உதவியோடு கட்டடங்கள் எழுந்தன. மேசையும் வாங்கும் வந்தன. தோட்டத்து இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் ஆசிரியர்களாக நியமிக்கப்பட்டனர். 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஆதரவோடு கொட்டகலையை அடுத்த பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி உருவானது. இந்த ஆசிரியர் நியமனங்களும் கல்லூரியும் தந்த பலனை எவ்வளவு சொன்னாலும் தகும். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்து, வசதிக் குறைவாலும் குளிராலும் விரைவில் இடமாற்றம் கேட்டுப் போகும் ஆசிரியரை நம்பியிருந்த நிலை மாறியது. லயத்தில் பிறந்தவரே லயத்துப் பிள்ளைக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார். படித்தால் மாதச் சம்பளம் கிடைக்கும் என்பதற்கு ஒவ்வொரு தோட்டத்திலும் கண்முன்னே ஓர் எடுத்துக்காட்டு உருவானது.

ஆனால் அந்த எடுத்துக்காட்டு ஒரே வகையாகவே இருந்தது. மலையகத்தில் படித்தவர் என்றால் ஆசிரியர். 2014, 2015 காலத்தில் தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியர் பற்றாக்குறையை ஈடுசெய்ய ஏறத்தாழ 3000 ஆசிரியர் உதவியாளர்கள் சேர்க்கப்பட்டபோது, உயர்தரம் சித்தியடைந்த இளைஞர்கள் மாதம் 6000 ரூபாய் கொடுப்பனவுக்கு அந்த வேலையை ஏற்றார்கள். தோட்டத்தில் மலைக்குப் போகும் தாய்க்கு அதைவிடக் கூடுதலாகக் கிடைத்திருக்கும். பின்னர் கொடுப்பனவு உயர்ந்தாலும், பயிற்சி முடித்து நிரந்தரமாவதற்குப் பலர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். வேறு வாசல் இல்லாத இடத்தில்தான் இப்படி ஒரு நியமனத்துக்கு வரிசை நிற்கும்.

வேறு வாசல்கள் ஏன் திறக்கவில்லை என்பதற்கு விடை பாடசாலைகளின் வகைப்பாட்டில் இருக்கிறது. இலங்கையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலை 1ஏபி வகை. கலையும் வர்த்தகமும் மட்டும் உள்ளது 1சி. சாதாரண தரம் வரையானது 2ஆம் வகை. ஐந்தாம் அல்லது எட்டாம் வகுப்பு வரை உள்ளது 3ஆம் வகை. தோட்டத்துக்குள்ளும் தோட்டத்தை ஒட்டியும் உள்ளவை பெரும்பாலும் கடைசி இரண்டு வகை. விஞ்ஞானமும் கணிதமும் தமிழில் படிக்க ஹட்டன், நுவரெலியா, தலவாக்கலை, கொட்டகலை போன்ற பட்டணங்களை ஒட்டிய சில பாடசாலைகளையே நாட வேண்டும். ஹட்டனின் ஹைலண்ட்ஸ் கல்லூரி போன்றவற்றில் இடம் கிடைப்பது பெரும் போட்டி. டயகமவின் மேல் பிரிவிலோ மஸ்கெலியாவின் உட்தோட்டத்திலோ இருக்கும் பிள்ளைக்கு அது முதலில் தூரப் பிரச்சினை. லயத்திலிருந்து பிரதான வீதிவரை நடை, அங்கிருந்து பஸ். மழைக்காலத்தில் பாதை சரிந்தால் அதுவும் இல்லை. மாலையில் டியூஷன் வகுப்பு முடிந்து திரும்பும் பெண்பிள்ளைக்கு இருட்டிய தேயிலை மலைப்பாதை. இதையெல்லாம் சமாளிக்கும் பிள்ளைக்கும், சாதாரண தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் உரிய ஆசிரியரிடம் படித்த அடித்தளம் வேண்டும். அந்த ஆசிரியர் 2ஆம் வகைப் பாடசாலையில் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆகவே திறமையுள்ள பிள்ளையும் கலைப் பிரிவுக்குள் தள்ளப்படுகிறது. கலைப் பிரிவு தாழ்ந்ததல்ல. விருப்பமின்றி வேறு வழியில்லாமல் எடுக்கப்படுவதுதான் குறை. 2013இல் தொடங்கிய தொழில்நுட்பப் பிரிவுக்கும் ஆய்வுகூடமும் பயிற்றப்பட்ட ஆசிரியரும் தேவைப்பட்டதால் அதுவும் பெரும்பாலும் பெரிய பாடசாலைகளோடு நின்றது.

பல்கலைக்கழக அனுமதியில் நுவரெலியா பின்தங்கிய மாவட்டமாகவே கணிக்கப்படுகிறது. 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட மக்கள்தொகை அடிப்படையிலும், மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்குக் கூடுதலாகவும் ஒதுக்கப்படுகின்றன. இதனால் நுவரெலியாவின் வெட்டுப்புள்ளி குறைவு. ஏற்பாடு நியாயமானது. ஆனால் மாவட்டம் என்ற அலகு தோட்டத்தைத் தனியே காண்பதில்லை. மாவட்டத்துக்குள்ளேயே நல்ல பாடசாலை உள்ள பட்டணத்தவரும், வெளிமாவட்டத்திலிருந்து வந்து இங்கே பரீட்சை எழுதுவோரும் அதே ஒதுக்கீட்டுக்குப் போட்டியிடுகின்றனர். மருத்துவ, பொறியியல் இடங்களில் தோட்டத்துப் பிள்ளையின் பங்கு குறைவாக இருப்பதற்கு ஒதுக்கீடு காரணமல்ல. ஒதுக்கீட்டைப் பயன்படுத்தும் அளவுக்கு விஞ்ஞான வகுப்புகள் தோட்டத்தை நெருங்காததே காரணம்.

பல்கலைக்கழகத்துக்குப் போகாத பெரும்பான்மையினரின் நிலை இன்னும் குறைவாகவே கவனிக்கப்படுகிறது. நாட்டில் 5 முதல் 16 வயதுவரை கல்வி கட்டாயம். வேலைக்குச் சேர்க்கும் குறைந்த வயதும் 2021இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆனாலும் சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே பல ஆண்பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்குப் போய்விடுகிறார்கள். புடவைக் கடை, இரும்புக் கடை, சாப்பாட்டுக் கடை; தங்குவது கடை மேல்மாடியில். பெண்பிள்ளைகள் ஆடைத் தொழிற்சாலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறார்கள். திருமணமான பெண்கள் பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டு வளைகுடா நாடுகளுக்குப் பணிப்பெண்ணாகப் போகிறார்கள். அனுப்பும் பணத்தில் கடன் அடைகிறது, சில வீடுகளில் தகரம் மாறிக் கூரை ஓடாகிறது. பாட்டியிடம் வளரும் பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்க்க ஆளில்லை.

இவர்களுக்கு உதவ வேண்டியது தொழிற்பயிற்சி. மின்னிணைப்பு, குழாய் வேலை, வாகனத் திருத்தம், ஹோட்டல் சேவை, தாதிமைப் பராமரிப்பு என்று தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழுக்கான பாடநெறிகள் நாடெங்கும் உண்டு. அவற்றில் மிகப் பெரும்பாலானவை சிங்கள மொழியில் நடக்கின்றன. தமிழ் 1987இன் 13ஆவது திருத்தத்தின் மூலம் அரசகரும மொழியாகிவிட்டது. ஆனால் பட்டறையில் பாடம் நடத்தும் போதனாசிரியருக்குப் பெரும்பாலும் தமிழ் தெரியாது. ஹட்டனில் இந்திய உதவியும் பெற்று இயங்கும் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் போன்றவை இந்தக் குறையைத் தீர்க்க முயல்கின்றன. தேவையின் அளவுக்கு முன் அவை சிறியவை. 2017இல் தொடங்கிய 13 ஆண்டு உறுதிப்படுத்தப்பட்ட கல்வித் திட்டம் சாதாரண தரத்தில் சித்தியடையாதவருக்கும் தொழில்சார் பாடங்களோடு பாடசாலையில் தொடர இடம் தருகிறது. மலையகத்துக்கு மிகப் பொருத்தமான திட்டம் இது. 2ஆம் வகைப் பாடசாலையோடு படிப்பு நின்றுவிடும் பிரதேசத்தில், அதைத் தொடரும் பாடசாலை எங்கே என்ற கேள்வியே அதற்கும் தடை.

கல்விக்கும் வேலைக்கும் இடையில், கல்வித் துறைக்கே தொடர்பில்லாத ஒரு தடையும் உண்டு. அது முகவரி. லயத்தில் வீட்டிலக்கம் இல்லை, வீதிப் பெயர் இல்லை. ஒரு தோட்டத்துக்கு வரும் கடிதங்கள் எல்லாம் தோட்டக் காரியாலயத்துக்குப் போய், அங்கிருந்து பிரிவுக்குப் பிரிவு ஆள் மூலம் வர வேண்டும். நேர்முகத் தேர்வு முடிந்த பின் கையில் கிடைத்த அழைப்புக் கடிதம், வங்கி அறிவித்தல், பல்கலைக்கழகப் பதிவுக் கடிதம் பற்றிய முறைப்பாடுகள் மலையகத்தில் புதியவை அல்ல. கைத்தொலைபேசி பரவிய பின்னும் இத்தகைய கடிதங்கள் பெரும்பாலும் தபாலையே நம்பியிருந்தன. காணி உறுதி இல்லாததால் வங்கிக் கடனுக்குப் பிணை வைக்க எதுவும் இல்லை. ஒரு சிறு கடை போடவோ, முச்சக்கர வண்டி வாங்கவோ, பிள்ளையைத் தனியார் கல்வி நிறுவனத்துக்கு அனுப்பவோ தேவைப்படும் முதல், வட்டிக்குக் கொடுப்பவரிடமே கிடைக்கிறது. குடியிருக்கும் வீடு தோட்டத்துக்குச் சொந்தம். அதில் இருப்பதற்குக் குடும்பத்தில் ஒருவர் தோட்டத்தில் வேலை செய்ய வேண்டும் என்ற எழுதாத நிபந்தனை இன்றும் பலரை மலையோடு கட்டி வைத்திருக்கிறது. 10 அடிக்கு 12 அடி காம்பராவில் ஐந்தாறு பேரோடு, தொலைக்காட்சிச் சத்தத்தின் நடுவே உயர்தரப் பரீட்சைக்குப் படிக்க நேரும் பிள்ளையின் பிரச்சினையும் வீட்டுப் பிரச்சினைதான்.

தோட்டத்தின் இந்தக் குறைகள் தொடர அரசின் சட்டமே துணைபோனது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, பிரதேச சபை தன் நிதியைத் தோட்டத்துக்குள் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. தோட்ட மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த சபை, அவர்கள் பாதைக்குக் கல் போட முடியவில்லை. 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டு மலையகப் புதிய கிராமங்களுக்கான அதிகார சபையும் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்டது. 7 பேர்ச் காணியில் தனி வீடு என்ற திட்டமும், இந்திய உதவியில் தொடங்கிய 4000 வீடுகளும், 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த மேலும் 10,000 வீடுகளும் சரியான திசையில் வைத்த அடிகள். வேகம் மிகக் குறைவு. ஒரு தலைமுறை லயத்திலேயே பள்ளிப்படிப்பை முடித்துக்கொண்டிருக்கிறது.

2020க்குப் பிந்திய ஆண்டுகள் இந்தப் பலவீனங்கள் அனைத்தையும் ஒன்றாக வெளிப்படுத்தின. கொரோனாக் காலத்தில் பாடசாலை மூடி வகுப்புகள் தொலைபேசிக்கு மாறியபோது, ஒரு வீட்டில் ஒரு தொலைபேசி, அதற்கும் மலை மறைவில் சிக்னல் இல்லை. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி கிலோவாக விழுந்தது. கொழுந்து குறைந்தால் பேர் குறையும். அதே 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. அப்பியாசக் கொப்பியின் விலை பலமடங்கானது. எரிபொருள் இல்லாமல் பஸ் ஓடாத வாரங்களில் தோட்டத்துப் பிள்ளைகள் பட்டணப் பாடசாலைக்குப் போக முடியவில்லை. இலவசக் கல்வியில் பாடநூலும் சீருடைத் துணியும் இலவசம். பஸ், டியூஷன் போன்றவற்றுக்குக் குடும்பமே செலவிட வேண்டும். வறிய குடும்பத்தின் பிள்ளை படிப்பை நிறுத்துவது இந்தச் சில்லறைச் செலவுகளில்தான். நெருக்கடி அந்தச் செலவுகளைத்தான் முதலில் தாக்கியது.

இதற்கிடையே தேயிலைக் கம்பனிகள் ஆள் பற்றாக்குறை பற்றிப் பேசுகின்றன. 1992இல் தோட்ட நிர்வாகம் தனியாரிடம் கையளிக்கப்பட்டபோது 3 லட்சத்துக்கும் மேல் இருந்த பதிவுத் தொழிலாளர் எண்ணிக்கை, இன்று அதன் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. நாட்டின் தேயிலையில் மிகப் பெரும் பங்கைச் சிறு தோட்ட உடைமையாளர்களே உற்பத்தி செய்கிறார்கள். ஒரு பக்கம் வேலைக்கு ஆளில்லை, மறுபக்கம் வேலையில்லா இளைஞர் என்ற நிலை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு முரணாகத் தெரியலாம். முரண் ஏதும் இல்லை. பத்தாண்டு பள்ளிக்கூடம் போன பிள்ளை, பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட நின்று, நிறை குறைந்தால் அரைப் பேர் வாங்கும் வாழ்க்கையை மறுக்கிறது. அந்த மறுப்பை இளைஞரின் சோம்பல் என்று சிலர் வருணிப்பது அநீதி. தென்பகுதிச் சிறு உடைமையாளர் தன் காணியில் தானே தேயிலை வளர்த்துக் கொழுந்தை விற்கிறார். அவர் பிள்ளை தேயிலையை இழிவாகப் பார்ப்பதில்லை. தேயிலையோடு உள்ள உறவு உடைமையா கூலியா என்பதே வேறுபாடு.

2023இல் மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்த 200 ஆண்டு நிறைவையொட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடைபவனி நடந்தது. அன்று முன்வைக்கப்பட்ட கோரிக்கைகளில் காணியும் வீடும் நியாயமான சம்பளமும் சமத்துவமான கல்வியும் இருந்தன. இவற்றைத் தனித்தனியாகத் தர முடியாது என்பதைக் கடந்த ஐம்பது ஆண்டு அனுபவம் காட்டுகிறது. பாடசாலைக் கட்டடம் வந்தது, விஞ்ஞான ஆசிரியர் வரவில்லை. குடியுரிமை வந்தது, முகவரி வரவில்லை. சான்றிதழ் வந்தது, தமிழில் தொழிற்பயிற்சி வரவில்லை. முதல் வகுப்புக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான நடுப்படிகளே மலையகத்தில் இல்லாதவை. கல்விக்கென ஒதுக்கப்படும் அடுத்த ரூபாய் அங்கேதான் போக வேண்டும்.

நுவரெலியா மாவட்டத்தில் நுவரெலியா, ஹட்டன், கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்த என ஐந்து கல்வி வலயங்கள் உள்ளன. தோட்டப் பிள்ளைகள் படிக்கும் ஒவ்வொரு வலயத்திலும் விடுதி வசதியோடு தமிழ்மொழி விஞ்ஞானப் பாடசாலைகள், தமிழில் பாடம் நடத்தும் ஒரு தொழிற்பயிற்சி நிலையம், தோட்டப் பிரிவு தோறும் வீட்டிலக்கமும் தபால் விநியோகமும்: இவற்றுக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. கல்வி அமைச்சும் மத்திய மாகாண சபையும் தபால் திணைக்களமும் தங்களுக்கு ஏற்கெனவே உள்ள அதிகாரத்தைப் பயன்படுத்தினால் போதும்.